ஒரு வாய் வெற்றிலை நேரம்

உப்பளத்தில் ஏமாற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பலகையைத் தரையில் படாமல் இழுத்துவிட்டு உப்பு வாரியதாகக் காட்டுபவர்கள், மேஸ்திரி தலை மறைந்ததும் வரப்பில் சாய்பவர்கள், வெயில் ஏறுமுன்னே தலை சுற்றுகிறது என்று நிழல் தேடுபவர்கள். இருசப்பண்ணன் அந்த ரகம் இல்லை. வேலையில் ஏமாற்றத் தெரியாது, பேச்சில் ஏமாற்ற அதைவிடத் தெரியாது. அந்த மனிதருக்குத்தான் ஊர் 'பொய்ச் சத்தியம் பண்ணினவன்' என்று பட்டம் கட்டியது. அந்தப் பட்டம் எப்படி ஏறியது, எப்படி இறங்கியது என்பதைக் கூட இருந்து பார்த்தவள் நான். என் பேர் மேரிசெல்வி. மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவில் சக்கரபாணி என்பவரின் அளத்தில் உப்பு வாருகிறவள். இருசப்பண்ணன் வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்த தெரு.

அளத்தில் அவர் வேலை தண்ணீர் விடுவது. இன்ஜின் இறைத்துப் போடும் உப்புத்தண்ணீர் முதலில் பெரிய பாத்திகளில் காயும். அது கெட்டிப்பட்ட பிறகு மடையைத் திறந்து சின்னப் பாத்திகளுக்கு விட வேண்டும். உப்பு பூப்பது அங்கேதான். தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால் உப்பு பூக்க நாளாகும். இன்னும் ஏறினால் வரப்பு ஊறி உடையும். உடைந்தால் பக்கத்துப் பாத்தியில் வாருவதற்குத் தயாராக இருக்கும் உப்பும் கரைந்துபோகும். கண்ணால் பார்த்து அடைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வெயிலில் பாத்தி பூராவும் கண் கூசும். காற்று தண்ணீரை அந்தக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும், மடையருகில் பார்த்தால் குறைவாகத்தான் தெரியும். கண்ணை நம்பித் தண்ணீர் விட்டவன் கெட்டான்.

அதனால் எங்கள் அளத்தில் கணக்கு வெற்றிலைதான். மடையைத் திறந்துவிட்டு இருசப்பண்ணன் ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டு வரப்பில் உட்காருவார். சாறெல்லாம் போய் வெறும் சக்கையானதும் துப்பிவிட்டு மண்வெட்டியை எடுப்பார். ஒரு பாத்திக்கு ஒரு வாய். அவருக்கு முன்னால் தண்ணீர் விட்டவருக்கும் அதே கணக்குதானாம். கைக்கடிகாரம் உப்புக் காற்றில் ஒரு கோடை தாங்காது. வெற்றிலைக்கு அந்தக் கவலை இல்லை. எத்தனையோ வருஷம் அவர் விட்ட தண்ணீரில் ஒரு வரப்பு உடைந்ததில்லை.

இரண்டாயிரத்து நாலு மார்கழியில் கடல் உள்ளே வந்தது. ஆட்கள் போன வீடுகளைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை, என்னால் முடியாது. எங்கள் அளம் சேறும் மணலுமாகக் கிடந்தது. வரப்பை மறுபடி போட்டு, தரையை மிதித்து இறுக்கி, முதல் உப்பைப் பார்க்கச் சித்திரை ஆகிவிட்டது. பாதிப் பருவம் போய்விட்ட வருஷம். ஒரு கூடை உப்பு வீணானாலும் எல்லாருக்கும் வயிறு எரிந்தது.

அப்படிப்பட்ட வருஷத்தில் வைகாசி மாதம் ஒரு காலையில் வரப்பு உடைந்தது.

நாங்கள் பெண்கள் தள்ளி வேறு பாத்தியில் வாரிக்கொண்டிருந்தோம். பச்சமுத்து போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடினோம். பச்சமுத்துதான் எங்களுக்கு மேஸ்திரி. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலைக்காரன். மறுநாள் வார இருந்த பாத்தி முழுக்கத் தண்ணீர். வெள்ளையாகக் கட்டியிருந்த உப்பு கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது. மடை திறந்தபடி கிடந்தது. இருசப்பண்ணன் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"யோவ், தூங்கிட்டியா? இன்னா பண்ணிக்கினு இருக்கற?" என்று பச்சமுத்து கத்தினான். அண்ணன் என்று கூப்பிடுகிற வாயில் அன்றைக்கு 'யோவ்' வந்தது.

"இப்பதாம்பா தொறந்தேன். இன்னும் வாயில வெத்திலகூட அடங்கல."

"இப்பதானா? நீ தொறந்தப்ப நாங்க பலகைய எடுத்தோம். அதுக்குள்ள ரெண்டு பாத்தி வாரி முடிச்சிட்டோம். இப்பதானாம்!"

அவன் சொன்னது நிஜம். நாங்கள் இரண்டு பாத்தி வாரி முடித்திருந்தோம். நான் இடையில் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் அண்ணன் உட்கார்ந்துதான் இருந்தார், கண் திறந்துதான் இருந்தது. தூங்கவில்லை. குடிக்கிற பழக்கம் அவருக்கு என்றைக்குமே இல்லை. பிறகு எப்படி என்று எனக்கும் புரியவில்லை.

சக்கரபாணி பக்கத்திலுள்ள பிரம்மதேசம் ஊர்க்காரர், நிலபுலம் உள்ளவர், வீண் சண்டையை விரும்பாதவர். "ஏம்பா இருசப்பா, அசந்து தூங்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு போயேன். யாரு இல்லேன்றாங்க? அதோட விட்டுருவோம்" என்றார். சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அண்ணன் அசையவில்லை.

"தூங்கலீங்க. தூங்காதத தூங்கினேன்னு எப்படிங்க சொல்றது?"

"அப்ப சூடம் அணைப்பியா?" என்றான் பச்சமுத்து.

"அணைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை கெங்கையம்மன் கோயிலில் எல்லாரும் கூடினார்கள். நான் சிலுவை போட்டுக்கொள்கிறவள், வாசலுக்கு வெளியே நின்றேன். எங்கள் மாதா கோயில் சாமியார் எதற்கும் சத்தியம் பண்ணாதீர்கள் என்று சொல்லுவார், நாங்கள் காதில் வாங்கியதில்லை. அன்றைக்குத்தான் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. சூடம் எரிந்தது. அண்ணன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "தாயே, நான் ஒரு வாய் வெத்தில நேரந்தான் குந்திக்கினு இருந்தேன். அதுக்கு மேல ஒரு பொட்டு நேரம் இருந்திருந்தா இந்தக் கைய நீ எடுத்துக்கோ" என்று சொல்லி, வலது கையால் எரிகிற சூடத்தை அடித்து அணைத்தார். கொஞ்சம் மெதுவாகத்தான் அடித்தார். கை சுட்டிருக்கும்.

அம்மன் முன்னால் சொன்ன பிறகு பேச்சில்லை. மறுநாளே அவர் மறுபடி மடைக்குப் போனார், பச்சமுத்து தூரத்திலிருந்து ஒரு கண் வைத்துக்கொண்டான்.

ஆடியில் அவர் வலது கை நடுங்க ஆரம்பித்தது.

சும்மா மடியில் வைத்திருக்கும்போதுதான் நடுங்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது மாதிரி ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எந்தக் கையால் அணைத்தானோ அந்தக் கையையே அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று தெருவெல்லாம் பேச்சு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததாக இருக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். "நீ வேதக்காரி, ஒனக்கு இன்னா தெரியும்" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள். அவர் முகம் வேறு அந்த வருஷத்தில் கல் மாதிரி ஆகிவிட்டது. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. 'பண்றதையும் பண்ணிட்டு எப்படி நிக்கிறான் பாரு' என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சக்கரபாணி அவரைத் தண்ணீர் வேலையிலிருந்து எடுத்துவிட்டு வரப்புக்கு மண் அணைக்கச் சொன்னார். தண்ணீர் பச்சமுத்து கைக்குப் போனது. அண்ணன் மண்வெட்டியோடு வரப்புக்குப் போனார். தான் பொய் சொல்லவில்லை என்ற தெம்பு அதுவரைக்கும் அவருக்கு இருந்தது. கையைப் பற்றிக் கேட்டால், "சூடு பட்டதில நரம்பு இழுத்திருக்கும்" என்பார்.

அந்தத் தெம்பும் ஒரு நாள் போயிற்று. அவர் பெண்சாதி முத்தம்மாள் அக்கா அன்றைக்கு மரக்காணம் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். அண்ணன் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அக்கா பஸ் ஏறிப் போய், மீன் வாங்கி, யாரோ சொந்தக்காரரைப் பார்த்துப் பேசி, திரும்பி வந்து சேர்ந்தாள். நான் அவளோடுதான் போயிருந்தேன். அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். எங்களைப் பார்த்ததும், "இன்னும் கெளம்பலையா நீ? வெயில் ஏறிடும்" என்றார்.

அக்கா கையிலிருந்த பையைத் திறந்து காட்டினாள். உள்ளே மீன் இருந்தது.

அவர் மீனைப் பார்த்தார், பிறகு நிழலைப் பார்த்தார். நிழல் அவரை விட்டுத் தள்ளிப் போயிருந்தது, அவர் முழு வெயிலில் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, "அப்ப அன்னிக்கும் இப்படித்தான் ஆயிருக்கும். நான் அம்மன் எதிர்ல பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன் முத்தம்மா" என்றார்.

அன்றிலிருந்து ஊர் சொன்னதை அவரும் நம்பினார். எனக்கு ஊர் மேல் வந்த கோபத்தைவிட அவர் மேல் வந்த கோபம்தான் அதிகம். சாப்பாடு குறைந்தது. கோயில் இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். கஷாயம் வைத்துக் கொடுத்தால் கீழே ஊற்றுவார். "தண்டனைய வாங்கிக்கணும். மருந்து தின்னா அது ரெண்டாவது பொய்" என்பார். இப்படி ஒரு நியாயத்தை யாரால் மாற்ற முடியும்? அக்கா திட்டுவாள், அழுவாள், மறுபடி திட்டுவாள். "ஒரு தட்டு சோத்த விடியறதுக்குள்ள தின்னு முடிப்பியா? ஆறிப்போவுது, ஈ மொய்க்குது" என்று அவள் கத்துவது எங்கள் தெருவரைக்கும் கேட்கும்.

என் தங்கச்சி புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கிறிஸ்துமசுக்கு வந்தவள், அண்ணன் தெருவில் போவதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, அவர் நடக்கறப்ப ஒரு கைய வீசவே இல்ல பாரு. திரும்பறப்ப எப்படித் திரும்பறார் பாரு. இது சாமியும் இல்ல பூதமும் இல்ல. எங்க டாக்டரம்மாகிட்ட கூட்டியா" என்றாள்.

நான் போய்ச் சொன்னேன். அண்ணன் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அக்கா அழுத அழுகைக்கும் மசியவில்லை. கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ண்ணா, இது அம்மன் குடுத்ததுன்னா எந்த டாக்டர் மாத்திரைக்கும் கேக்காது, இல்ல? அம்மனவிட மாத்திரை பெருசா? வந்து சாப்ட்டுப் பாரு. கேக்கலேன்னா தண்டனைதான், நானே ஒத்துக்கிறேன். கேட்டுச்சுன்னா நோவு. பயம் எதுக்கு?"

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "வேதக்காரிக்கு வாய் ஜாஸ்தி" என்றார். தை மாதத்தில் மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

டாக்டரம்மா சின்ன வயசு. அண்ணனை எழுந்து நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், விரலை விரலோடு தட்டச் சொன்னார். முதல் இரண்டு தட்டு நன்றாக இருந்தது, போகப் போக விரல் பிரிவதே தெரியவில்லை. அக்கா நடந்ததையெல்லாம் கொட்டினாள்: வரப்பு உடைந்தது, சூடம், கடைத்தெரு, மீன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கண்ண மூடிக்குங்க பெரியவரே. ஒரு நிமிஷம் ஆயிடுச்சுன்னு தோணும்போது சொல்லுங்க" என்றார்.

"எனக்கு நிமிஷக் கணக்கு தெரியாதும்மா. வெத்திலக் கணக்குதான் தெரியும்."

டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இதற்குப் பார்க்கின்சன் என்று பேர் என்றார். மூளையில் டோபமைன் என்று ஒரு ரசாயனம் ஊற வேண்டும், அது இவருக்குக் குறைந்துகொண்டே வருகிறது என்றார். அது குறைந்தால் கை நடுங்கும், நடை குறுகும், முகம் அசையாது. செய்கிற எல்லா வேலையும் மெதுவாகிவிடும், ஆனால் செய்கிறவருக்குத் தான் மெதுவாகச் செய்வது தெரியாது.

"இன்னொண்ணும் இருக்கும்மா. எவ்வளவு நேரம் போச்சுன்னு நமக்கு உள்ளுக்குள்ள ஒரு உணர்வு இருக்கு இல்லையா, அதுக்கும் இந்த ரசாயனம் வேணும். இது கொறஞ்சா சில பேருக்கு உள்ள ஓடற கடிகாரம் மெதுவா ஓடும். வெளிய ரொம்ப நேரம் போயிருக்கும், அவங்களுக்குக் கொஞ்ச நேரந்தான் ஆன மாதிரி இருக்கும். எல்லாருக்கும் இப்படி ஆகும்னு சொல்ல மாட்டேன். இவருக்கு ஆகியிருக்கு."

அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கை நடுங்கினது சத்தியத்துக்கு அப்புறந்தாம்மா."

"நடுக்கம் தெரியறதுக்கு ரொம்ப முன்னாலயே உள்ள கொறைய ஆரம்பிச்சிருக்கும். நீங்க சூடம் அணைச்ச அன்னிக்கு உங்களுக்கு இந்த நோய் இருந்தது. வரப்பு உடைஞ்சதே இதனாலதான்."

முத்தம்மாள் அக்கா அதுவரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள், சட்டென்று கையை எடுத்தாள். "டாக்டரம்மா, செய்யறதெல்லாம் மெதுவாயிடும்னு சொன்னீங்களே. மெல்லறதும் மெதுவாயிடுமா?"

"ஆமா. மெல்றது, முழுங்கறது எல்லாமே."

"சோத்த அப்படித்தான் தின்னுவார், நாள் பூரா திட்டுவேனே!" என்றாள் அக்கா. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "யோவ், நீ இன்னா சத்தியம் பண்ண? ஒரு வாய் வெத்தில நேரம்னுதான? அன்னிக்கு நீ ரெண்டாவது வாய் போட்டியா?"

"இல்ல. அதே வாய்தான்."

"அப்ப ஒரு வாய் நேரந்தான் குந்தினு இருந்திருக்க. மெல்லறதுக்கு நேரமாச்சு, அதுக்கு நீ இன்னா பண்ணுவ? பொய் எங்க இருக்குது இதுல?"

அண்ணன் முகம் அசையவில்லை. அந்த முகத்தால் அசைய முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் திமிர் என்று நினைத்ததெல்லாம் இந்த நோய்தான். அசையாத அந்த முகத்தில் கண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. மறைக்க முயன்று மூக்கைச் சிந்தி மாட்டிக்கொண்டேன்.

மாத்திரை கேட்டது. ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. கை அடங்கிற்று, நடை நீண்டது. மாசியில் ஒரு காலை அக்கா என் வீட்டுக்குள் ஓடி வந்து, "மேரி, அவரு என்ன திட்டினாரு!" என்றாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு வர நேரமாகிவிட்டதாம். 'எம்மாம் நேரந்தான் காத்துக்கினு இருக்கறது' என்று கத்தினாராம். எத்தனையோ மாதமாக அந்த மனிதருக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்தது. சலிப்பு திரும்பி வந்ததற்கு ஒரு பெண்சாதி இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் மாத்திரையின் வேகம் நாள் பூராவும் நிற்காது. அடுத்த வேளை நெருங்க நெருங்கக் கை ஆட ஆரம்பிக்கும், பேச்சு இழுக்கும். இது தீருகிற நோய் இல்லை, பிடித்து வைக்கத்தான் முடியும் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லியிருந்தார்.

ஊர் இதையெல்லாம் நம்பவில்லை. "மூளையில ரசாயனமாம்! பொய் சொல்றவனுக்கெல்லாம் இனிமே இது ஒரு சாக்கு" என்று பச்சமுத்து டீக்கடையில் சொன்னான். மாத்திரை போட்டு அம்மன் தண்டனையைத் தள்ளிப்போடுகிறான் என்றும் பேசினார்கள். அண்ணன் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாமல் போனது ஒன்றுதான்.

எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பருவத்தில் முதல் உப்பு வாரும் அன்றைக்கு, பெண்கள் பலகையை வைக்கும் முன், தண்ணீர் விட்டவர் ஒரு கை உப்பை அள்ளி மடை வாயில் அம்மன் பேரைச் சொல்லிப் போட வேண்டும். பிறகுதான் வேலை தொடங்கும். எத்தனையோ வருஷமாக அதைப் போட்ட கை இருசப்பண்ணனுடையது. இந்த வருஷம் தண்ணீர் பச்சமுத்து கையில் இருப்பதால் அவன் போடுவது முறைதான், அதில் அண்ணனுக்கு வருத்தம் இல்லை. ஆனால் பச்சமுத்து அதோடு நிற்கவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணினவன் அன்றைக்கு அளத்தில் கால் வைத்தால் உப்பு பூக்காது, அவனை வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினான்.

பங்குனியில் முதல் உப்பு. விடிந்து கொஞ்ச நேரத்தில் நாங்கள் பலகையோடு நின்றோம். சக்கரபாணியும் வந்திருந்தார். அப்போது வரப்பு வழியாக முத்தம்மாள் அக்கா முன்னால் வர, அண்ணன் பின்னால் வந்தார். சின்னச் சின்ன அடியாக, கை வீசாமல். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, காலை மாத்திரை போடவில்லை. டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருந்தால் கொன்றிருப்பார்.

பச்சமுத்து வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னாள். "சண்டைக்கு வரலப்பா. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். நீயும் அவரும் ஒண்ணா ஆளுக்கு ஒரு வாய் வெத்தில போடுங்க. போட்டுட்டு, எங்கள போவச் சொன்னா போயிடறோம்."

"இன்னாக்கா வெளையாட்டு இது? வேல நேரத்துல."

"போடேம்பா. வெத்திலதான" என்றார் சக்கரபாணி.

அக்கா கொண்டுவந்த வெற்றிலைத் தட்டை வரப்பில் வைத்து, எல்லார் கண் எதிரிலும் இரண்டு வாய் மடித்தாள். ஒரே அளவு இலை, ஒரே அளவு பாக்கு. அண்ணன் தன் பங்கை வாய்க்குக் கொண்டுபோகும்போது கை ஆடி ஒரு தரம் தவறியது. அக்கா உதவிக்குப் போகவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே வரப்பில் உட்கார்ந்து மென்றார்கள். நாங்கள் சுற்றி நின்றோம்.

பச்சமுத்து மென்று முடித்துச் சக்கையைத் தன் முன்னால் துப்பினான். நிமிர்ந்து எங்களைப் பார்த்து ஏதோ கேலியாகச் சொல்ல வந்தான். எதிரே அண்ணனின் தாடை அசைவதும் அசையாததுமாக இருந்தது. பச்சமுத்து சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே தட்டிலிருந்து இன்னொரு இலையை எடுத்து, அவனே பாக்கு வைத்து மடித்துப் போட்டுக்கொண்டான். அதையும் மென்றான். இப்போது அவன் கண் அண்ணனை விட்டு நகரவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகப் பலகையைக் கீழே வைத்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பச்சமுத்து இரண்டாவது சக்கையையும் துப்பினான்.

அண்ணன் நிமிர்ந்தார். எங்கள் முகத்தையெல்லாம் பார்த்தார்.

"இன்னா எல்லாரும் என்னியே பாக்கறீங்க? இப்பதான போட்டோம்" என்றார்.

பச்சமுத்து தலை குனிந்துவிட்டான். அவன் பார்வை போன இடத்தை அண்ணனும் பார்த்தார். மண்ணில் இரண்டு சக்கை கிடந்தது. தனக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியும், இப்படி ஆகும் என்று தெரிந்துதான் வந்திருந்தார். ஆனாலும் அவருக்கு உள்ளுக்குள் வெற்றிலை போட்டது இப்போதுதான். அந்தச் சக்கையைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ரெண்டா?" என்றார்.

"ரெண்டுண்ணா" என்றான் பச்சமுத்து. கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து அவன் வாயில் 'அண்ணா' வந்தது.

இருசப்பண்ணன் தன் வாயில் இருந்ததைத் துப்பினார். அதில் இன்னும் சாறு இருந்தது. வரப்பில் கையை ஊன்றி எழுந்து நின்று சக்கரபாணியைப் பார்த்துச் சொன்னார், ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாக. "தண்ணிக்கு இனிமே என்ன நம்பாதீங்க. அது என்னால ஆவாது. நான் சொன்ன வார்த்தைய நம்புங்க. எனக்கு அது போதும்."

சக்கரபாணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பச்சமுத்து எழுந்து பாத்திக்குள் இறங்கினான். ஒரு கை உப்பை அள்ளிக்கொண்டு வந்து, அண்ணனின் வலது கையை இழுத்துப் பிடித்து அதில் வைத்தான். "நீதாண்ணா போடணும். இந்தக் கையாலதான் போடணும்" என்றான். கை ஆடிய ஆட்டத்தில் உப்பு விரலிடுக்கு வழியாக வரப்பில் கொட்டியது. பச்சமுத்து குனிந்து மறுபடி அள்ளி வைத்தான், அதுவும் கொட்டியது.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரையை எடுத்தாள். அண்ணன் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

"எப்பக்கா கேக்கும் அது?" என்றான் பச்சமுத்து.

"நேரமாவும்பா. வெயில் ஏறிடும். நீங்க வேலயப் பாருங்க."

"ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு பச்சமுத்து அண்ணன் பக்கத்தில் வரப்பிலேயே உட்கார்ந்தான். சக்கரபாணியும் துண்டை விரித்து உட்கார்ந்தார். நாங்களும் பலகைகளை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கை அடங்கும் வரைக்கும் அவரோடு உட்கார்ந்திருந்தோம்.